வெள்ளைப் பனை, கறுத்த வானம்

அன்புள்ள அகிலா,

நீ கேட்டிருப்பது இரண்டு வரிக் கேள்வி. போட்டி விதியில் ‘அடிப்படைத் திருத்தங்கள் மட்டும்’ என்று போட்டிருக்கிறார்கள், படத்தை நெகடிவாக்கி அனுப்பினால் தள்ளிவிடுவார்களா என்று. பதிலையும் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். படம் முழுவதற்கும் ஒரே சீராகச் செய்யும் ஒளி, நிற மாற்றங்களை விதி அனுமதித்தால் தாராளமாக அனுப்பு. கண்ணால் கண்டதைக் கண்டபடி காட்டச் சொல்லும் பிரிவென்றால் அனுப்பாதே.

ஆனால் இந்தப் பதிலை மட்டும் வாங்கிக்கொண்டு போய், ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும் படங்களை ஒவ்வொன்றாக நெகடிவாக்கிப் பார்த்து, எது விசித்திரமாக இருக்கிறதோ அதை அனுப்பிவிடுவாயோ என்று எனக்குக் கவலை. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். நல்ல நெகடிவ் படத்தை ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். திருத்தங்களுக்கு வேலி போடும் போட்டி, அந்தத் தீர்மானத்தை முன்கூட்டியே எடுக்கச் சொல்லி உன்னை நெருக்குகிறது. அந்த நெருக்கடி உனக்கு நல்லது.

முதலில் விதியைப் பார்ப்போம். பெரும்பாலான போட்டிகளில் ‘அடிப்படை’ என்றால் பொருள் இதுதான்: ஒரே எக்ஸ்போஷரில் எடுத்த படம், பிரகாசம், கான்ட்ராஸ்ட், நிறம், கறுப்பு-வெள்ளை மாற்றம் எல்லாம் படம் முழுவதற்கும் சேர்த்துத்தான், ஒரு மூலையை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றக் கூடாது, இருந்ததை எடுக்கவும் கூடாது, இல்லாததைச் சேர்க்கவும் கூடாது. நெகடிவாக்குவது இந்த வேலிக்கு உள்ளேதான் இருக்கிறது. கணக்காகப் பார்த்தால், எட்டு பிட் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் மதிப்பையும் 255-இலிருந்து கழிக்கிறாய். 20 இருந்த இடம் 235 ஆகிறது, 235 இருந்த இடம் 20 ஆகிறது. இன்னொரு முறை கழித்தால் பழைய படம் அப்படியே திரும்ப வந்துவிடும். ஒன்றும் தொலைவதில்லை. வண்ணப் படத்தைக் கறுப்பு-வெள்ளையாக்கும்போது நிறம் பற்றிய தகவல் போயே போய்விடுகிறது. அதை எல்லாரும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள். அந்த அளவுகோலில் நெகடிவ் இன்னும் நேர்மையான மாற்றம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் செய்திப் படம், இயற்கைப் படம் என்ற பிரிவுகளில் இந்த வாதம் எடுபடாது. அங்கே கேள்வி, பார்ப்பவர் அந்தக் காட்சியைச் சரியாகப் புரிந்துகொள்வாரா என்பது. பி.எஸ்.ஏ., எஃப்.ஐ.ஏ.பி. என்ற புகைப்பட அமைப்புகளின் இயற்கைப் பிரிவில் அகச்சிவப்புப் படத்துக்குக்கூட இடமில்லை; கறுப்பு-வெள்ளையாக்க மட்டும் அனுமதி உண்டு. அங்கே நெகடிவைக் கொண்டுபோய் நிறுத்தாதே. உலகச் செய்திப் படப் போட்டியில் 2010-இல் நடந்தது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உக்ரைன் நாட்டுப் படப்பிடிப்பாளர் ஒருவர் தெருச்சண்டைப் படங்களுக்குப் பரிசு வாங்கினார். ஒரு படத்தை அவர் பெருமளவு வெட்டியிருந்தார், கறுப்பு-வெள்ளையாக்கியிருந்தார், ஓரங்களை இருட்டாக்கியிருந்தார். அதற்கெல்லாம் பரிசு போகவில்லை. பின்னணியில் நின்ற ஒருவரின் பாதத்துண்டு சின்னதாகத் தெரிந்ததை அழித்திருந்தார். அதற்காகப் பரிசு பறிபோனது. தொனியை மாற்றுவது ஒன்று, உள்ளடக்கத்தை மாற்றுவது வேறு. விதி எழுதுகிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கோடு கிழிக்கிறார்கள். எந்த விதிப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் அந்தக் கோட்டைத் தேடு.

நெகடிவை ஏதோ கம்ப்யூட்டர் வித்தை என்று உன் நண்பர்கள் சொன்னால் நம்பாதே. வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1835 ஆகஸ்டில் இங்கிலாந்தின் லாகாக் மாளிகைச் சன்னலை எடுத்த தபால்தலை அளவுப் படம் இன்றும் இருக்கிறது. அது நெகடிவ்தான். வெளிச்சம் பட்ட இடம் கறுக்கும் என்பது வெள்ளி உப்பின் இயல்பு. நேர்ப்படம் அதற்குப் பிறகு போட்ட இரண்டாவது படி. நம் ஊரிலும் இந்தக் கதை உண்டு. சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராக இருந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், 1858-இல் மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கோயில்களை மெழுகேற்றிய காகித நெகடிவ்களில் எடுத்தார். அந்தக் காலத்துக் காகிதம் நீல ஒளிக்கு மட்டும் துடிப்பாக வேலை செய்யும். அதனால் வானம் நெகடிவில் அளவுக்கு மீறிக் கறுத்து, அச்சில் வெறும் வெளுப்பாக விழும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகடிவின் மேலேயே வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். நெகடிவில் அடர்த்தியாகத் தீட்டிய இடம் அச்சில் வெள்ளை மேகமாக வரும். எதிரில் இருந்த நெகடிவைப் பார்த்தபடியே அச்சை மனத்தில் ஓட்டியிருக்கிறார்! இன்றைய செய்திப் பிரிவில் அவர் படம் முதல் சுற்றிலேயே வெளியே போயிருக்கும். ஆனால் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்த்த அவர் கண்தான் உனக்கு வேண்டியது.

அந்தக் கண்ணைப் பழக்க ஊதுபத்திப் புகையை விட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. கறுப்புத் துணியைச் சுவரில் தொங்கவிடு. அதற்கு மூன்று நான்கு அடி முன்னால் ஊதுபத்தியை வை. மின்விசிறியை நிறுத்து, சன்னலைச் சாத்து. ஃபிளாஷ் பக்கவாட்டில் இருக்கட்டும். அதன் ஒளி துணிமேலும் விழக் கூடாது, லென்ஸுக்குள்ளும் நேராக நுழையக் கூடாது. அதற்கு இரண்டு பக்கமும் கறுப்பு அட்டையை மறைப்பாகக் கட்டு. மேனுவலில் ஷட்டர் 1/160, அபர்ச்சர் எஃப்/8, ஐஎஸ்ஓ 200 என்று தொடங்கி, ஃபிளாஷின் பலத்தைக் கூட்டிக் குறைத்துப் பார். ஃபோக்கஸை ஊதுபத்தி முனைக்கு நேர்மேலே கையால் வைத்துப் பூட்டிவிடு. புகை முதலில் நூலாக நேராக ஏறும், கொஞ்ச உயரத்தில் தடுமாறிச் சுருளும். அந்தத் தடுமாறும் இடம்தான் படம். சிறிது நேரத்தில் அறை முழுக்கப் புகை மண்டிக் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். அப்போது சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து மூச்சு விடு. புகையை உறிஞ்சிக்கொண்டே எடுக்க வேண்டாம்.

இதை நெகடிவாக்கினால் கறுப்புத் துணி வெள்ளைத் தாளாகிவிடும், புகை மைக்கோடாகிவிடும். இங்கே ஒரு விஷயம் கவனி. துணி உன் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும் கேமராவுக்கு அது 12, 15 என்று ஏதோ ஒரு மதிப்பில் இருக்கும். அப்படியே விட்டால் தாள் அழுக்கு வெள்ளையாக வரும், துணியின் நெசவும் தெரியும். ‘அதை மட்டும் தேர்ந்தெடுத்து வெள்ளையடிப்பேன்’ என்றால் விதியை மீறுகிறாய். படம் முழுவதற்குமான கர்வ்ஸ் கருவியில் கறுப்பு முனையை 15 வரை தள்ளினால் போதும். மங்கலான புகையிழைகள் சில காணாமல் போகும், அது நீ கொடுக்கும் விலை. துணியை இன்னும் பின்னால் நகர்த்தி எடுத்திருந்தால் அந்த விலையையும் கொடுத்திருக்க வேண்டாம். நெருக்கடி நல்லது என்று நான் சொன்னது இதைத்தான். நிறமும் அப்படியே. ஊதுபத்தி முனையிலிருந்து எழும் நுண்துகள்கள் நீலத்தைக் கூடுதலாகச் சிதறடிப்பதால் புகை இலேசாக நீலம் காட்டும். நெகடிவில் அது காவி கலந்த பழுப்பாக வரும். எனக்கு அந்தப் பழுப்பு பிடிக்கும், பழைய கையெழுத்துப் பிரதியின் மை போல இருக்கும். வேண்டாம் என்றால் வைட் பேலன்ஸை முதலிலேயே சரிசெய்துவிடு.

கர்வ்ஸில் நெகடிவாக்கும் வழி எளிது. கீழ் இடது முனையை மேலே இழு, மேல் வலது முனையைக் கீழே இழு. கோடு எதிர்ப்பக்கம் சாயும். லைட்ரூமில் ரா ஃபைலிலேயே இதைச் செய்துவிடலாம். அதன் பிறகு ஸ்லைடர்கள் உன்னைக் குழப்பும்: எக்ஸ்போஷரை ஏற்றினால் படம் இருட்டும். அதனால் வைட் பேலன்ஸ், நாய்ஸ் குறைப்பு எல்லாவற்றையும் நேர்ப்படமாக இருக்கும்போதே முடித்துவிட்டு, கடைசியாக நெகடிவாக்கு.

வெளியில் எடுக்கும்போது உன் பழக்கங்கள் பல தலைகீழாகிவிடும். வானத்துக்கு எதிராக நிற்கும் ஒற்றைப் பனையை எடுக்கிறாய் என்று வை. நெகடிவில் மரம் வெள்ளி நிறத்தில் நிற்கும், வானம் இருண்டு போகும். கறுப்பு-வெள்ளையில் வானத்தைக் கம்பீரமாகக் காட்ட நீலத்தைக் குறைக்க வேண்டும், சிவப்பு ஃபில்டர் போட வேண்டும் என்று உனக்கு யாராவது சொல்லித் தந்திருப்பார்கள். இங்கே நீலத்தை ஏற்ற வேண்டும். நேர்ப்படத்தில் வானம் எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு கறுப்பு நெகடிவில் கிடைக்கும். மரத்தின் தண்டு நேர்ப்படத்தில் இருட்டுப் பகுதி. சென்சாரின் நாய்ஸ் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும், சாதாரணப் படத்தில் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். நெகடிவில் அதுவே வெளிச்சப் பகுதியாகி, கண் முதலில் போய் விழும் இடமாகிவிடும். ஆகவே ஹிஸ்டோகிராம் வலது சுவரில் முட்டாத அளவுக்கு எக்ஸ்போஷரைத் தாராளமாகக் கொடு. சென்சாரில் ஒட்டிய தூசியையும் மறந்துவிடாதே. பகல் வானத்தில் மங்கலான புள்ளியாக இருந்தது, கறுத்த வானத்தில் நட்சத்திரம் மாதிரி மின்னும். தூசியைத் துடைக்கச் சில போட்டிகள் அனுமதிக்கும், சில அனுமதிக்காது. எஃப்/16-க்குப் பதில் எஃப்/5.6-இல் எடுத்தால் அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் கரைந்துவிடும்.

முகங்களைத் தொடாதே என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்து தொடு. நெற்றியும் கன்னமும் வெளிச்சமாக, கண்குழியும் மூக்கின் அடியும் நிழலாக இருந்துதான் நாம் ஒருவரை அடையாளம் காண்கிறோம். அது மாறிவிட்டால் பழகிய முகமே அந்நியமாகிவிடும். கண்ணில் மின்னும் ஒளிப்புள்ளி கறுத்து, பார்வை போன கண்ணாகத் தெரியும். இதன் மறுபக்கம் இத்தாலியில் டூரின் நகரில் 1898 மே மாதம் நடந்தது. இயேசுவின் உடலைச் சுற்றியதாகப் பலர் நம்பும், அங்குள்ள புகழ்பெற்ற பழைய துணியைச் செகண்டோ பியா என்பவர் படமெடுத்தார். துணியில் தெளிவில்லாமல் கிடந்த முகம், கண்ணாடித் தகட்டு நெகடிவில் இயல்பான நிழல்களோடு எழுந்து வந்தது. அந்தத் துணியின் வயதைப் பற்றிய சண்டை தனி. எனக்கு முக்கியம், ஒரு முகம் எந்தப் பக்கத்தில் முகமாகத் தெரிகிறது என்பது. மல்லிகைச் சரம் வைத்த கருங்கூந்தலைப் பின்னாலிருந்து எடுத்துப் பார். நரைத்த தலையில் கறுத்த பூ. முகமே இல்லாமல் ஒரு வயதும் ஒரு துக்கமும் அதற்குள் வந்து உட்காரும். அப்படி ஒரு காரணம் இருந்தால் மனிதர்களை எடு.

வண்ணத்திலேயே விட நினைத்தால், சிவப்பு சயானாகும், பச்சை மெஜந்தாவாகும், நீலம் மஞ்சளாகும், நம் தோல் நீலம் பாயும். பழைய வண்ண ஃபிலிம் நெகடிவ் ஆரஞ்சு நிறமாக இருக்குமே, அது ஃபிலிமில் நிறத் திருத்தத்துக்காகவே சேர்த்த சாயம். டிஜிட்டல் நெகடிவில் தானாக வராது. பெரும்பாலான காட்சிகளுக்கு வண்ண நெகடிவ் ஒத்துவராது என்பது என் எண்ணம். கறுப்பு-வெள்ளையாக்கி, ஒரே சாயலில் முழுப் படத்தையும் தோய்த்தால் எஃப்.ஐ.ஏ.பி. விதிப்படி அது மோனோகுரோமாகவே இருக்கும். ஒரு பகுதிக்கு மட்டும் சாயம் ஏற்றினால் வண்ணப் பிரிவுக்குப் போய்விடும்.

முன்கூட்டியே பார்க்க ஒரு வழி: உன் ஃபோனில் நிறங்களைத் தலைகீழாக்கும் வசதி, பார்வைக் குறைவு உள்ளவர்களுக்கான அமைப்புகளில் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு கேமராவைத் திற. தெரு முழுக்க நெகடிவாக நடமாடும். ஐஃபோனில் ‘கிளாசிக்’ வகையைத் தேர்ந்தெடு, ‘ஸ்மார்ட்’ வகை படங்களை விட்டுவிடும். அது திரையை மட்டும்தான் மாற்றும், எடுத்த ஃபைல் நேர்ப்படமாகவே இருக்கும். எதைத் தேடுவது என்று கண்ணுக்குச் சொல்லிக்கொடுக்க அது போதும்.

எந்தத் திருத்தமும் கூடாது, கேமரா கொடுத்ததை அப்படியே கொடு என்று கேட்கும் போட்டியும் உண்டு. அங்கே ஒரு நேர்வழி: கறுப்பு-வெள்ளை ஃபிலிம் ரோலில் எடுத்து, கழுவி, அந்த நெகடிவ் துண்டை லைட் பாக்ஸில் வைத்து, துளையோடும் ஃபிரேம் எண்ணோடும் சேர்த்துப் படமெடு. நெகடிவ் அங்கே ஒரு பொருள்; நீ எடுத்தது அந்தப் பொருளை. ஆனால் ‘படத்தைப் படமெடுக்கக் கூடாது’ என்று விதியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். ஃபிலிமில் இருப்பதும் உன்னுடையதாகவே இருக்க வேண்டும்.

அனுப்புவதற்கு முன் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வரி எழுதிக் கேள்: படம் முழுவதையும் கர்வ்ஸில் நெகடிவாக்கியிருக்கிறேன், ஏற்பீர்களா என்று. பதிலைச் சேமித்து வை. ரா ஃபைலையும் அழிக்காதே, இறுதிச் சுற்றில் கேட்கக்கூடும். படக்குறிப்பில் நெகடிவ் என்று வெளிப்படையாகப் போடு.

எனக்கு அனுப்பும்போது நெகடிவாக்காத படத்தையும் கூடவே அனுப்பு. வெளிச்சத்தை எங்கே வைத்தாய் என்று எனக்கு அதில்தான் தெரியும்.

அன்புடன்,
அத்தை