கேட்கப் போகிறவர்களுக்கு

கிராமத்து மக்களிடம் அரசியல் பேசப் போகிறவர்கள் பெரும்பாலும் கையில் பதிலை வைத்துக்கொண்டே போகிறார்கள். பேச்சு அங்கேயே முறிந்துவிடுகிறது என்பதுதான் நான் கண்டது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் அரசியல் அறிவியல் பேராசிரியர் கேத்தரின் கிரேமர் வேறு வழியில் போனார். 2007 முதல் சில ஆண்டுகள் சிற்றூர்களின் பெட்ரோல் பங்க்குகளிலும் காபிக் கடைகளிலும் வழக்கமாகக் கூடுகிறவர்களோடு போய் உட்கார்ந்தார். கட்சியைப் பற்றிக் கேட்காமல் ஊரின் கவலைகளைக் கேட்டார். அதிகாரமும் வரிப்பணமும் நகரத்துக்கே போகின்றன, எங்களுக்கு மரியாதை இல்லை என்ற குமுறல் திரும்பத் திரும்ப வந்தது. 2011இல் ஆளுநர் ஸ்காட் வாக்கர் பெரும்பாலான அரசு ஊழியர்களின் கூட்டுப்பேர உரிமையைப் பெருமளவு பறித்தபோது மாநிலத் தலைநகர் மேடிசன் கொந்தளித்தது. சிற்றூர்களில் பலர் ஆளுநர் பக்கம் நின்றார்கள். அவர்கள் அன்றாடம் பார்த்த அரசாங்கம், தங்களைவிட நல்ல ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் பெற்ற ஆசிரியர்தான். இது கேட்டதால் தெரிய வந்தது.

ஆனால் அந்தக் குமுறல் நியாயமானதா? கிரேமரே கணக்குப் பார்த்தார். தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் கிராமப்புறங்களுக்கு அரசுப் பணம் குறைவாகப் போகவில்லை. அந்தப் புள்ளிவிவரத்தைக் காட்டித் திருத்திவிடலாமே என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. வீடுகள் சிதறிக் கிடக்கும் ஊரில் சாலைக்கும் பள்ளிக்கும் தலைக்கு அதிகம் செலவாகும்; அதே பணம் அங்கே குறைவாகத்தான் செய்து முடிக்கும். மரியாதையோ எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது. ஆகவே, “ஏன் அவருக்கு ஓட்டுப் போட்டீர்கள்?” என்று தொடங்காதீர்கள். “எதைப் பார்த்து இப்படி நினைக்க ஆரம்பித்தீர்கள்?” என்று கேளுங்கள். புள்ளிவிவரத்தை அவராகக் கேட்கும்போது சொல்லலாம்.

இன வெறுப்பும் கலந்த பேச்சைப் பொறுமையாகக் கேட்பது அதற்குத் துணைபோவதாகாதா என்பது இதைவிடக் கனமான கேள்வி. புரூக்மன், கல்லா என்ற இரு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவுகிறது. மயாமியில் திருநர் பற்றிப் பேச வீடு வீடாகச் சென்றவர்கள், பிறர் தங்களை வேறாக நடத்திய தருணத்தை நினைத்துப் பார்க்கும்படி வீட்டாரிடம் கேட்டார்கள். சுமார் 10 நிமிட உரையாடல்தான். திருநர் மீதான வெறுப்பு குறைந்தது, அந்த மாற்றம் மூன்று மாதமாவது நீடித்தது. மயாமி கிராமமல்ல, ஆனாலும் கேட்பது வெறுப்பைத் தொடாமல் விடுவதில்லை என்பதற்கு இது போதிய சான்று. உடனே ஓட்டு மாறும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். 2016 அதிபர் தேர்தலில் விஸ்கான்சினை முடிவுசெய்தது 23,000க்கும் குறைவான ஓட்டு வித்தியாசம்தான் என்பதால் அந்த ஆசை வரும். ஆனால் வந்தவர் ஓட்டுக்காக வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் மக்கள் வாயை மூடிக்கொள்வார்கள். தேர்தல் இல்லாத ஆண்டில் போங்கள், அடுத்த மாதமும் அதே கடைக்குப் போங்கள்.