கிணற்று நீரும் மருந்துக்கு அடங்காத கிருமிகளும்

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் நீரால் செழிக்கும் நாடு நாஞ்சில் நாடு. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் பேறு கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உண்டு. இங்கு வீட்டு வளவுகளில் கிணறு இருப்பது இயல்பான காட்சி. ஆனால், நீர் நிறைந்திருப்பது வேறு. அது நல்ல நீராக இருப்பது வேறு. ஒரே வளவில் கிணறும் மலக்குழியும் நெருங்கி அமைந்தால், குழியின் கசிவு மண் வழியே கிணற்றை எட்டக்கூடும். நிலத்தடி நீர் உயரும் மழைக்காலத்தில் இவ்வாபத்து மிகுதி.

அசுத்த நீரால் வயிற்றுப்போக்கும் டைபாய்டும் வருவதை நாம் அறிவோம். இப்பழைய பகையுடன் இன்று புதிய கேடு ஒன்றும் சேர்ந்துள்ளது. நோய் கண்டபின் கொடுக்கும் ‘ஆன்டிபயாடிக்’ மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் நீரில் கலந்து வருவதே அக்கேடு.

கிருமி மருந்தை வெல்வது எப்படி?

ஒரே பூச்சிமருந்தை ஆண்டுதோறும் தெளிக்கும் வயலில், நாளடைவில் அம்மருந்துக்குச் சாகாத பூச்சிகளே பெருகுவதை உழவர் கண்டிருப்பர். கிருமிகளின் கதையும் அதுவே. மருந்தைத் தேவையின்றியும் அளவு குறைத்தும் உண்டால், வலிமை குன்றிய கிருமிகள் மடிகின்றன. வலியவை எஞ்சிப் பெருகுகின்றன. 1928இல் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே இதைக் குறித்து எச்சரித்தார்.

பூச்சிக்கு இல்லாத ஒரு திறமும் கிருமிக்கு உண்டு. மருந்தை எதிர்க்கும் தன்மையைத் தரும் மரபணுவை ஒரு கிருமி அருகிலுள்ள வேறு இனக் கிருமிக்கும் கொடுத்துவிடும். பல வகைக் கிருமிகள் கூடும் சாக்கடை நீர் இக்கொடுக்கல் வாங்கலுக்கு ஏற்ற இடம்.

சென்னையும் தில்லியும் தந்த பாடம்

என்.டி.எம்.-1 என்னும் மரபணு, மிக வலிய மருந்துகளையும் பயனற்றதாக்க வல்லது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் பிற நாட்டு அறிஞர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் இதனைக் காட்டியது. அவை நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்டவை.

அதே ஆண்டில் புதுதில்லியில் நீரே சோதிக்கப்பட்டது. குழாய் நீர் மாதிரிகள் 50இல் 2இலும், தெருவில் தேங்கிய கசிவு நீர் மாதிரிகள் 171இல் 51இலும் அம்மரபணு இருந்ததாக 2011இல் முடிவு வெளியாயிற்று. அது கிருமிக்குக் கிருமி மாறுவது 30 பாகை செல்சியசில் மிகுதி என்பதும் தெரிந்தது. நம் நாட்டுத் தேங்கு நீரில் எளிதில் காணும் வெப்பநிலை அது! ஆகவே, இதனை நகரத்தார் கவலை என்று கிராமத்தார் ஒதுக்கிவிட இயலாது.

சோதனைச்சாலையில் நடப்பது என்ன?

வழக்கமான குடிநீர்ச் சோதனை, மலத்திலிருந்து வரும் ‘ஈ.கோலி’ கிருமி நீரில் உண்டா என்று பார்க்கும். 100 மில்லிலிட்டர் குடிநீரில் அக்கிருமி ஒன்றுகூட இருத்தலாகாது என்பது இந்தியத் தர விதி. ஆனால், இருக்கும் கிருமி மருந்துக்கு அடங்குமா என்பதை அச்சோதனை கூறாது. அதற்கு மேலும் இரு படிகள் வேண்டும்.

முதற்படியில், நீரை மிக நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வில் வடிகட்டுவர். கிருமிகள் சவ்வின் மேல் தங்கும். இவ்வாறு வடித்த ஒரு சவ்வைச் சாதாரண ஊட்டக்கூழ்த் தட்டிலும், மற்றொன்றை ‘செபோடாக்சைம்’ மருந்து கலந்த தட்டிலும் வைத்து, ஒரு நாள் வெப்பப் பெட்டியில் வளர்ப்பர். மருந்திட்ட தட்டிலும் ஈ.கோலி முளைத்தால் அது அம்மருந்துக்கு அடங்காதது. இரு தட்டுகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட, நூற்றுக்கு எத்தனை அடங்காதவை என்பது விளங்கும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கண்காணிப்பு முறையும் இதனைச் சார்ந்ததே.

இரண்டாம் படியில், அக்கிருமியைத் தட்டில் பரப்பி, பல்வேறு மருந்து தோய்ந்த சிறு காகித வட்டங்களை அதன்மேல் வைப்பர். மருந்து பலித்தால் வட்டத்தைச் சுற்றித் தெளிந்த வளையம் தோன்றும். பலிக்காவிடில் கிருமி வட்டத்தை ஒட்டியே வளரும். இவ்வளையத்தை மில்லிமீட்டரில் அளந்து முடிவு காண்பர்.

சோதனைக்கு நீர் எடுப்போர் கவனிக்க வேண்டியவை சில. கிருமி நீக்கிய புட்டியையே பயன்படுத்துக. அதன் வாயையும் மூடியின் உட்புறத்தையும் கை தொடலாகாது. கிணற்றுச் சுவரில் படாமல் புட்டியை இறக்குக. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதனைச்சாலையில் சேர்ப்பிக்க.

நாம் செய்யத்தக்கவை

இங்கு ஓர் ஆறுதலான உண்மை உண்டு. மருந்துக்கு அடங்காத கிருமியும் நெருப்புக்கு அடங்கும். கொதிநிலை வந்தபின் 1 நிமிடம் கொதித்த நீரில் அது பிழைக்காது. குளோரினும் அதனை அழிக்கும். 1,000 லிட்டர் நீருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் வேண்டும். 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீராழமும் உள்ள கிணறு ஏறத்தாழ 9,400 லிட்டர் கொள்ளும். அதற்குச் சுமார் 24 கிராம் போதும். தூளை வாளி நீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் மாலையில் கிணற்றில் கலந்து, மறுநாட் காலை இறைத்தல் நலம்.

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் குறைந்தது 15 மீட்டர் இடைவெளி வேண்டும். கிணறு மேட்டுப்புறமாக அமைதல் வேண்டும். மருத்துவர் சீட்டின்றி ஆன்டிபயாடிக் வாங்குவதும், ஒருவருக்கு எழுதியதை மற்றவர் உண்பதும், மீந்த மாத்திரைகளைக் கால்வாயில் எறிவதும் ஒழிய வேண்டும். கோழிப் பண்ணையாளர்க்கும் இதில் பொறுப்புண்டு. ‘கோலிஸ்டின்’ மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தருவதை மத்திய அரசு 2019இல் தடை செய்துள்ளது.

சாதாரண காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து பலிக்காமல் ஒரு குழந்தை துன்புறுமாயின், அதன் காரணம் நம் கிணற்றடியிலேயே இருக்கலாம். ஆகவே ஊராட்சிகள் மழைக்கு முன்னும் பின்னும் பொதுக் கிணறுகளின் நீரைச் சோதனைக்கு அனுப்புவனவாக. மருந்து பிறரிடமிருந்து வருவது. கிணற்றின் தூய்மையோ நம் கையில் இருப்பது.