உளவியல் சிறப்புப் பட்டம்: முதல் வாரமே போட வேண்டிய கணக்கு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்துக்குள் புதிதாக நுழையும் பிள்ளைகளே, ஒரு சீஆர் கொப்பியின் நடுப்பக்கத்தில் எட்டுக் கட்டம் கீறுங்கள். கட்டத்துக்கு ஒரு அரையாண்டு. இலங்கைத் தகைமைச் சட்டகப்படி நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும்; மூன்றாண்டுப் பொதுப் பட்டத்துக்கு 90. ஆக, கட்டத்துக்குச் சராசரி 15.

ஒரு கிரெடிட் என்றால் 50 மணிநேர உழைப்பு. விரிவுரை, வாசிப்பு, ஒப்படை எல்லாம் அதற்குள் அடக்கம். 15 கிரெடிட்டை 15 வாரத்தில் முடிக்க வாரம் 50 மணிநேரம் தேவை. பருத்தித்துறையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் பிள்ளை இதை முதலே தெரிந்துகொள்ள வேண்டும்.

சிறப்புக்குத் தெரிவாவதற்கான நிபந்தனையை உங்கள் பிரிவின் கையேட்டில் பார்த்து, கொப்பியின் முன் அட்டையிலேயே எழுதுங்கள். சீனியர் அக்கா சொன்னது அவர் காலத்து விதியாக இருக்கலாம்.

புள்ளிவிபரவியலைப் பின்போடாதீர்கள். கலைப்பிரிவில் வந்தவர்கள் பயந்து ஒதுக்குவது இதைத்தான்; இறுதியாண்டு ஆய்வு நிற்பதும் இதன்மேல்தான்.

ஆய்வுக்கு ஆறாவது கட்டத்திலேயே தலைப்பை யோசியுங்கள். ஆங்கில வினாக்கொத்தைத் தமிழாக்கி, இன்னொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிட வேண்டும். அறநெறி அனுமதியும் பெற வேண்டும். இரண்டும் மாதக்கணக்கில் இழுக்கும். போர் தந்த கூட்டு மனவடு பற்றி உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியவற்றைத் தேடி வாசியுங்கள். நம் ஊரிலேயே எத்தனை கேள்விகள் காத்திருக்கின்றன என்பது புரியும்.

மருத்துவமனையில் சிகிச்சை உளவியலாளராக விரும்பினால் இந்தப் பட்டம் மட்டும் போதாது, மேற்படிப்பும் வேண்டும். எட்டாவது கட்டத்துக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு கட்டம் கீறி விடுங்கள்.