பெட்டிக்குள் மங்கலாக ஒரு குறிப்பு

கேள்வி: எங்கள் தையல் பயிற்சி நிலையத்துக்கு இணையத்தில் சேர்க்கைப் படிவம் தயாரிக்கிறேன். பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் குறிப்பை எப்படிச் சேர்ப்பது? அது இருந்தால் மேலே தலைப்பு வேண்டாம்தானே?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: சேர்ப்பது சுலபம். ஹெச்டிஎம்எல்லில் இன்புட் டேக்குக்குள் 'பிளேஸ்ஹோல்டர்' என்ற பண்பை எழுதி, சமக்குறி போட்டு, மேற்கோள் குறிகளுக்குள் குறிப்பைக் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம். ஜாவாஸ்கிரிப்ட் தேவையில்லை.

ஆனால், தலைப்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள். முதல் எழுத்தைத் தட்டியதுமே குறிப்பு மறைந்துவிடும். பாதியில் போன் வந்து, பேசிவிட்டுத் திரும்பும் பெண், அந்தப் பெட்டி கேட்டது அப்பா பெயரா, கணவர் பெயரா என்று தெரியாமல் திணறுவார். 2014-இல் இறுதி செய்யப்பட்ட ஹெச்டிஎம்எல்5 தரநிலையே, தலைப்பைக் காட்டும் லேபிளுக்குப் பதிலாக பிளேஸ்ஹோல்டரைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. லேபிளின் 'ஃபார்' மதிப்பும் பெட்டியின் 'ஐடி'யும் ஒன்றாக இருக்கட்டும். அப்போதுதான் பார்வையற்றோரின் ஸ்கிரீன் ரீடர் சரியான தலைப்பை வாசித்துக் காட்டும்.

பெட்டிக்குள் ஒரு மாதிரி போதும்: 'உதாரணம்: 624001'. 'கடவுச்சொல்லில் 8 எழுத்துகள் வேண்டும்' போன்ற விதிகளைப் பெட்டிக்குக் கீழே, எப்போதும் தெரியும்படி எழுதுங்கள். குறிப்பின் நிறமும் ரொம்ப வெளிறிவிடக் கூடாது, பின்னணியோடு 4.5:1 வேறுபாடாவது இருக்கட்டும். படிவத்தை நிரப்பத் தெரியவில்லை என்பதற்காக ஒருவர்கூடச் சேராமல் போய்விடக் கூடாது.