அத்தர் பூசியவரும் அருகில் நிற்பவரும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து முஸாஃபஹா செய்துகொண்டிருந்தபோது, அடையாறிலிருந்து வரும் ஓர் இளைஞர் தன் மணிக்கட்டை என் மூக்கருகே நீட்டினார். "ஹஜ்ரத், எப்படி இருக்கு?" என்றார். அம்பர் அத்தர். கொஞ்சம் சூடான, வெல்லப்பாகு போல இனிப்பான வாசம். நன்றாகவே இருந்தது, மாஷா அல்லாஹ் என்றேன். அவருடைய அடுத்த கேள்விதான் இந்த பயானுக்குக் காரணம். "இந்த மாதிரி வாசம் பிடிக்கிறவங்க மனசும் இதே மாதிரி இதமா இருக்கும்னு சொல்றாங்களே, உண்மையா? அத்தரை வச்சு ஆளைச் சொல்லலாமா ஹஜ்ரத்?"

சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி எனக்கு வேறொருவரை நினைவூட்டியது. அவரிடம் வருவதற்கு முன், அந்த வாசம் எதனால் ஆனது என்று பார்த்துவிடுவோம்.

திருவல்லிக்கேணியில் 1795ல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசல் பக்கம் போனால், அத்தர் விற்கும் கடைகளில் சின்னச் சின்னக் குப்பிகள் அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊது, கஸ்தூரி, மஜ்மூஆ, ஷமாமா, அம்பர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். இதில் அம்பர் என்ற பெயர் திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் ஒரு பொருளுக்கு உரியது. ஸஹாபாக்கள் காலத்தில் அம்பர் என்றால் அதுதான். இன்று நம் நாட்டில் அதை வாங்குவதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம் கடற்கரையோரங்களில் அம்பர் கடத்தியவர்கள் பிடிபட்டார்கள் என்று அவ்வப்போது செய்தி வருகிறதல்லவா? ஆகவே உங்கள் குப்பியில் இருப்பது அது அல்ல. சாம்பிராணி, வெனிலா, மத்தியதரைக் கடல் பக்கத்து ஒரு புதரின் பிசின் ஆகியவற்றின் வாசங்களைச் சேர்த்து உண்டாக்கிய கலவைக்குத்தான் வாசனைத் தொழிலில் அம்பர் என்று பெயர். பெரும்பாலும் அவையும் ஆலையில் செய்த வாசங்களாகவே இருக்கும்.

அந்த இதமான இனிப்பில் பாதி, நம் வீட்டுச் சாம்பிராணிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூர் தெருக்களில் வெள்ளிக்கிழமை நடந்தால் எந்த மதத்தவர் வீடு என்று பார்க்காமல் ஜன்னல் வழியே வருகிற அதே வாசம். சுமத்ரா, ஜாவா பக்கத்திலிருந்து வந்த இந்தப் பிசினை அரபு வணிகர்கள் 'லுபான் ஜாவி' என்றார்கள். அந்தச் சொல் ஐரோப்பியர் வாயில் தேய்ந்து 'பென்சாயின்' ஆயிற்று. அரபுக் கல்லூரியில் ஓதும்போது இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நானாகப் பின்னால் படித்தது.

இந்த வாசங்களுக்கு ஒரு குணம் உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு வாசமெல்லாம் சீக்கிரம் பறந்துவிடும். சாம்பிராணி, வெனிலா வகை கனமானவை, மெதுவாகத்தான் ஆவியாகும். காலையில் பூசினால் இஷா வரை சட்டையில் நிற்கும். சென்னை வெயிலில் உடம்பு சூடேறினால் இன்னும் வேகமாகக் கிளம்பும். இன்னொன்று, கவனமாகக் கேளுங்கள்: பூசியவருடைய மூக்கு கொஞ்ச நேரத்தில் அந்த வாசத்துக்குப் பழகிப்போய்விடும். பிறகு அவருக்கு அது தெரியாது. போய்விட்டது என்று நினைத்து இன்னொரு தடவை தடவுவார். பக்கத்தில் இருப்பவருக்கோ தலைவலி வந்திருக்கும். உங்கள் மீது என்ன வாசம் வருகிறது என்பதைச் சொல்லும் தகுதி உங்களுக்கு இல்லை, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் இருக்கிறது.

குணமும் அப்படித்தான் என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். சிறுவராகச் சேர்ந்து நபி (ஸல்) அவர்களுக்குப் பத்து ஆண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு திர்மிதியில் இருக்கிறது. அந்தப் பத்து ஆண்டுகளில் பெருமானார் (ஸல்) தம்மை ஒருமுறைகூட 'சீ' என்று கடிந்ததில்லை, ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்று கேட்டதில்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். அதே மூச்சில், அவர்களின் வியர்வையைவிட மணமான கஸ்தூரியையோ அத்தரையோ தாம் நுகர்ந்ததில்லை என்றும் சொல்கிறார்கள். நற்குணமும் நறுமணமும் ஒரே அறிவிப்பில். சொன்னவர் யார்? அவர்களின் கட்டளைகளைக் கேட்டு நடந்த, கோபம் வந்தால் முதலில் அதைத் தாங்க வேண்டிய இடத்தில் இருந்த ஒரு பணிவிடைச் சிறுவர்.

ஆகவே அந்தத் தம்பிக்கு என் பதில்: அத்தரை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. ஆள் அடுத்தவருக்கு எப்படி இருக்கிறார் என்று, அவருக்குக் கீழே வேலை செய்பவரைக் கேட்டால் சொல்வார்.

இப்போது நான் சொன்ன அந்த வேறொருவர்.

தி.நகரில் ரங்கநாதன் தெருப் பக்கம் கடைகளுக்கு மூட்டை தூக்கும் ஒரு பாய். ஐம்பதைத் தாண்டிய வயது. காலையிலிருந்து துணிக் கட்டுகளைச் சுமந்துவிட்டு, ஜும்ஆ பாங்கு நேரத்தில்தான் அவரை விடுவார்கள். ஓடி வந்து உளூ செய்து நிற்பார். கத்திரி வெயில் சமயம் நான் ஒரு பயான் செய்தேன். ஜும்ஆவுக்குக் குளித்து, நல்ல உடை உடுத்தி, மணம் பூசி வருவது பற்றி. பூண்டும் வெங்காயமும் சாப்பிட்டுவிட்டு அந்த வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்ற நபிமொழியையும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கல்யாணத்துக்கு இப்படிப் போவீர்களா? அல்லாஹ்வின் வீட்டுக்கு மட்டும் வியர்வை நாற்றத்தோடு வரலாமா?" என்று கொஞ்சம் காரமாகவே கேட்டேன். ஜமாஅத்தில் பலர் தலையாட்டினார்கள். தலையாட்டுவதைப் பார்த்தால் பேசுகிறவனுக்கு ஒரு சந்தோஷம் வரும், என்னை அல்லாஹ் மன்னிப்பானாக.

அடுத்த வாரத்திலிருந்து அவர் உள்ளே வரவில்லை. வெளிப்படியில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், செய்தித்தாள் விரித்துத் தொழுதுகொண்டிருந்தார். மூன்று வாரம் கழித்துத்தான் நான் கவனித்தேன். மூன்று வாரம்! உள்ளே வாங்க பாய், இடம் இருக்கிறதே என்றேன்.

"இல்ல ஹஜ்ரத், இங்கயே நின்னுக்கிறேன். நீங்க சொன்னது சரிதான். உள்ள எல்லாரும் நல்லா வாசமா இருக்காங்க. அன்னிக்கு பக்கத்துல நின்ன பாய் கர்ச்சீப்ப மூக்குல வச்சுக்கிட்டாரு."

அந்தக் கைக்குட்டைக்காரரை எனக்குத் தெரியும். அம்பர் அத்தரைத் தாராளமாகப் பூசுகிறவர். கெட்டவர் அல்ல, ரமளானில் நோன்புக் கஞ்சிக்கு அரிசி மூட்டை அனுப்புகிறவர். மூட்டை தானாக நடந்து வருவதில்லை என்பது அவருக்கும் எனக்கும் அன்று உறைக்கவில்லை.

அன்றிரவு கிதாபை எடுத்து, நான் பயானில் சொன்ன சட்டம் எங்கிருந்து வந்தது என்று மறுபடி பார்த்தேன். ஓதும் காலத்தில் பார்த்ததுதான், ஆனால் பார்த்த மாதிரி பார்க்கவில்லை. அபூதாவூதில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கம் இருக்கிறது. அன்றைய மக்கள் கஷ்ட ஜீவனம் நடத்தியவர்கள். கம்பளி உடுத்தியிருந்தார்கள். முதுகில் சுமந்து வேலை செய்தார்கள். பள்ளி குறுகலானது, கூரை தாழ்வானது. வெயில் நாளில் கம்பளிக்குள் வியர்த்து, அந்த வாடையால் ஒருவருக்கொருவர் சிரமமாயிற்று. அதைக் கண்டுதான் நபி (ஸல்) அவர்கள் இந்த நாளில் குளித்துக்கொள்ளுங்கள், உங்களிடம் இருப்பதில் நல்ல எண்ணெயையோ நறுமணத்தையோ பூசிக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் சொன்னார்கள். மேட்டுப்புறக் கிராமங்களிலிருந்து புழுதியும் வியர்வையுமாக மக்கள் வந்ததை ஆயிஷா (ரலி) அவர்களும் சொல்லியிருக்கிறார்கள், அது புகாரியில் வருகிறது. அங்கே நபியவர்களின் வார்த்தை இன்னும் மென்மை. இந்த நாளுக்காகச் சுத்தம் செய்துகொண்டிருந்தால் நன்றாக இருக்குமே என்கிற தொனி.

முதுகில் சுமந்தவர்கள். மூட்டை தூக்கியவர்கள்தான் அந்த ஸஃப்பில் நின்றவர்கள். ஜும்ஆ நாளின் நறுமணம் என்ற ஸுன்னத்து அவர்கள் நடுவே, அவர்கள் ஒருவரையொருவர் சகித்து நெருங்கி நிற்பதற்காக வந்தது. அதை எடுத்து, மூட்டை தூக்குகிற ஒருவரைப் படிக்கு அனுப்ப நான் பயன்படுத்தியிருக்கிறேன்.

ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் புகாரி ஹதீஸையும் பாருங்கள். குளித்து, இயன்றவரை சுத்தமாகி, எண்ணெயோ வீட்டிலுள்ள நறுமணமோ பூசி வந்து, இரண்டு பேரைப் பிரிக்காமல் அமர்ந்து, விதித்ததைத் தொழுது, இமாம் பேசும்போது மௌனமாக இருந்தால், அடுத்த ஜும்ஆ வரையுள்ள பாவங்கள் மன்னிக்கப்படும் என்பது அதன் சாரம். இரண்டு பேரைப் பிரிக்கக் கூடாது என்பது, அமர்ந்திருப்பவர்களுக்கு நடுவே நுழைந்து இடம் பிடிக்கக் கூடாது என்று நேரடிப் பொருள். ஆனால் நறுமணத்தையும் பிரிக்காமையையும் ஒரே மூச்சில் சொல்லியிருப்பதை நினைத்தால், கைக்குட்டையும் ஒருவரைப் பிரிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் சிந்தனை, ஃபத்வா அல்ல.

நாற்றம் எது என்பதிலும் நம் கணக்கு வேறு. நோன்பாளியின் வாய் வாடை அல்லாஹ்விடம் கஸ்தூரியைவிட மணமானது என்பதை அறிவோம். ஒரு சமயம் துர்நாற்றத்தோடு காற்று வீசியபோது, மூமின்களைப் பற்றிப் புறம் பேசுகிறவர்களின் வாடை இது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஜாபிர் (ரலி) அறிவிப்பது முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. தொழுகை முடிந்து வாசலில் நின்று, "யாரையெல்லாம் உள்ளே விடுறாங்க பாருங்க" என்று பேசிக்கொள்ளும்போது, நம் காலரில் இருக்கும் அம்பர் அதை மறைக்குமா?

சுத்தம் வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நேரமும் தண்ணீரும் இருந்தும் குளிக்காமல், அழுக்கின் மேல் அத்தரைத் தடவிக்கொண்டு வருவது ஸுன்னத்து ஆகாது. அத்தர் குளித்த உடம்புக்கு. ஏசி போட்டு ஜன்னல் அடைத்த பள்ளியில் அம்பர், ஊது மாதிரி கனமானவை ஒரு துளி போதும். ஆல்கஹால் கலந்த ஸ்ப்ரே கூடுமா என்பது தனிக் கேள்வி, இன்னொரு நாள் பார்ப்போம்.

பள்ளியில் நாங்கள் செய்தது பெரிய காரியம் அல்ல. முஅத்தின் சாப் வெள்ளிக்கிழமை மட்டும் குளியலறையை பதினொன்றரைக்கே திறந்து, இரண்டு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்துவிடுகிறார். யாரோ ஒருவர் துவைத்த கைலிகளும் பனியன்களும் ஓர் அலமாரியில் வைத்துவிட்டுப் போனார், பெயர் சொல்லவில்லை. வாசலில் ஒரு குப்பி அத்தர் இருக்கிறது. கொடுத்தால் யாரும் மறுப்பதில்லை, நபியவர்கள் நறுமணத்தை மறுத்ததில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அடையாறு தம்பிதான் இப்போது அந்தக் குப்பியோடு நிற்கிறார், ஆளுக்கு ஒரு சொட்டு. தானும் அதே ஒரு சொட்டுதான்.

மூட்டை தூக்கும் பாயிடம் நானே போய், அன்று நான் பேசியது தவறு, மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பதறிப்போனார். சில வாரம் சீக்கிரம் விட்டால் குளித்துவிட்டு மூன்றாவது ஸஃப்பில் வந்து நிற்கிறார். லோடு வந்துவிட்ட வாரங்களில் இன்னும் படியில்தான். அந்த வாரங்களில் கைக்குட்டைக்காரரும் எழுந்து வெளியே போய், அவர் பக்கத்தில் செய்தித்தாள் விரிப்பதை இரண்டு முறை பார்த்தேன்.

யா அல்லாஹ், அந்த முதுகின் பாரத்தை இலேசாக்குவாயாக. ஆமீன்.