கூரையேறும் முன்: சாரமா, பலகையா, பெல்ட்டா?

ஐப்பசி மழைக்கு முன் ஷீட் மாற்றவும் ஓடு மாற்றவும் ஆள் தேடுகிறோம். கூலியைப் பேசுகிறோம், ஷீட்டின் கனத்தைப் பேசுகிறோம். மேலே ஏறுபவர் விழாமலிருக்க என்ன ஏற்பாடு என்று பேசுவதில்லை. வேலை கொடுப்பவர்தான் இந்தப் பேச்சை எடுக்க வேண்டும்.

எந்த ஏற்பாடு என்பது கூரையைப் பொறுத்தது. மிக மோசமானது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஓரத்திலிருந்து தவறி விழுவது மட்டுமல்ல, ஷீட் உடைந்து நேரே உள்ளே விழுந்துவிடலாம். “போல்ட் வரிசை மேலயே கால் வச்சுப் போனா ஒண்ணும் ஆகாது” என்பார்கள். போல்ட்டுக்கு அடியில் சட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் பழைய ஷீட்டில் போல்ட் ஓட்டையைச் சுற்றி விரிசல் விட்டிருக்கும். பாசி படர்ந்திருந்தால் அது கண்ணுக்குத் தெரியாது. கால் ஒரு சாண் தள்ளிப் பட்டாலே ஆபத்து. ஆகவே கீழே சாரம் கட்டி, உள்ளிருந்தே செய்ய முடிகிற வேலையை அப்படியே செய்யுங்கள். மேலே ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் அகலமான பலகைகள் வேண்டும், ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு சட்டங்களைத் தாண்டிப் படிய வேண்டும். ஒரே பலகை போதாது. அதை நகர்த்தும் நேரத்தில் ஆள் ஷீட்டின் மேல்தானே நிற்கிறார்!

ஓட்டு வீட்டுக்கு, முகட்டில் கொக்கி மாட்டிச் சரிவில் படுக்கவைக்கும் ஏணி நல்லது. ஓரத்து வேலைக்குச் சாரம்தான் சரி. சாதாரண ஏணி ஏறி இறங்க மட்டுமே. நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடியைத் தள்ளி ஊன்றி, தலைப்பைக் கட்டி, கூரை ஓரத்துக்கு மேல் மூன்றடி நீட்டி வையுங்கள்.

பெல்ட்டைப் பற்றித்தான் தவறான நம்பிக்கை அதிகம். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட், விழும்போது வயிற்றையும் முதுகெலும்பையும் நொறுக்கிவிடும். தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ்தான் வேண்டும். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 1.8 மீட்டர் கயிறு, அதிர்ச்சி தாங்கும் பட்டை விரிய ஏறக்குறைய 1.75 மீட்டர், ஆளின் உயரம், தரைக்கு மேல் கொஞ்சம் இடைவெளி. எல்லாம் சேர்த்தால் 6 மீட்டர், அதாவது 20 அடி ஆகிறது. நம் ஒற்றை மாடி வீட்டின் உயரமோ பத்துப் பன்னிரண்டு அடி. கயிறு இழுத்து நிறுத்துமுன் ஆள் தரையில் கிடப்பார். இத்தகைய உயரத்தில், ஓரத்தை எட்டவே முடியாதபடி கயிற்றைக் குட்டையாகக் கட்டுவதே பயன்படும். சோலார் பலகை பொருத்தும் மொட்டைமாடியில் இடுப்புயரக் கைப்பிடிச் சுவர் இல்லாவிட்டால் இதையே செய்யலாம். கயிற்றைத் தண்ணீர்க் குழாயிலோ டிஷ் கம்பியிலோ மாட்டாதீர்கள். உறுதியான கான்கிரீட் தூணில் கட்டுங்கள்.

மூன்றில் எது என்று கேட்டால், முதலில் சாரம், அடுத்தது பலகை, கடைசியாகவே பெல்ட். சாரத்தின் வாடகையைக் கூலியோடு சேர்த்தே பேசி முடியுங்கள். தூறல் விழுந்தால் அன்றைய வேலையை நிறுத்திவிட்டு, வந்தவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்புங்கள்.