இணையவழி விற்பனையில் மிஞ்சுவது எவ்வளவு?



நமது சங்கங்களில் பல, கடையையும் கண்காட்சியையும் மட்டும் நம்பியிராமல், இணையவழி விற்பனையிலும் இறங்கியுள்ளன. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், தணிக்கைக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் நாம் கண்ட நிலை நம்மைச் சிந்திக்க வைத்தது. விற்பனைப் பதிவேட்டின்படி துண்டுகள் ஏராளமாக விற்றிருந்தன. வங்கிக் கணக்கிலோ நூல் வாங்கவும் பணம் இல்லை. நெசவாளர்களுக்கு இரண்டு வாரக் கூலி நின்றுபோயிருந்தது. கையாடல் இல்லை, கூட்டல் பிழையும் இல்லை. விலை குறித்த அன்றே நஷ்டமும் சேர்த்துக் குறிக்கப்பட்டிருந்தது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

செலவு மூவகை

விற்பனைத் தளத்தில் ஏற்படும் செலவுகள் மூவகைப்படும். முதலாவது கமிஷன், இது விலையில் இத்தனை சதவீதம் என்று பிடிக்கப்படுவது. இரண்டாவது, ஓர் ஆர்டருக்கு இவ்வளவு என்னும் நிலையான கட்டணம். மூன்றாவது அனுப்புக் கூலி. இது சரக்கின் மதிப்பைப் பாராது, எடையையும் தூரத்தையும் மட்டுமே பார்ப்பது. பட்டுச் சேலைக்கு இக்கூலி சிறு பாரம். துண்டுக்கோ பெரும் பாரம்.

ஓர் உதாரணம்

நூல், கூலி, இதர செலவு சேர்த்து ஒரு துண்டின் அடக்க விலை ரூ.150 என்றும், சரக்கு சேவை வரி நீங்கலாக விற்பனை விலை ரூ.220 என்றும் கொள்வோம். மேலாகப் பார்த்தால் ரூ.70 லாபம். கமிஷன் 10 சதவீதம் எனில் ரூ.22, நிலையான கட்டணம் ரூ.20, அனுப்புக் கூலி ரூ.60, உறை ரூ.8, ஆக ரூ.110. சங்கத்திற்கு வந்து சேர்வது ரூ.110 மட்டுமே. துண்டு ஒன்றுக்கு ரூ.40 நஷ்டம்! விற்பனை பெருகப் பெருக நஷ்டமும் பெருகும்.

அதே துண்டுகளை ஆறாகக் கட்டி ரூ.1,320க்கு விற்போம். கமிஷன் ரூ.132, நிலையான கட்டணம் ரூ.40, அனுப்புக் கூலி ரூ.110, உறை ரூ.20, ஆக ரூ.302. அடக்க விலை ரூ.900 போக ரூ.118 மிஞ்சுகிறது. துண்டும் மாறவில்லை, துண்டின் விலையும் மாறவில்லை. கட்டிய முறையே மாறியது.

தளக் கட்டணங்களின் மீது 18 சதவீத வரி உண்டு. பதிவு பெற்ற சங்கம் இதை உள்ளீட்டு வரியாக ஈடுசெய்து கொள்ளலாம். தளம் பிடித்துக் கட்டும் சரக்கு சேவை வரி 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதமாகவும், வருமான வரி 2024 அக்டோபர் முதல் 0.1 சதவீதமாகவும் குறைக்கப்பட்டன. இவை செலவல்ல, ஆயினும், கணக்குத் தாக்கல் செய்து வரவு வைத்துக்கொள்ளத் தவறினால் செலவாகவே முடியும்.

எடையும் பருமனும்

பல கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுக்கின்றன. அவ்வாறு வரும் பருமன் எடை, உண்மையான எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே கூலி. ஒன்றரைக் கிலோ துண்டுகளை 40 × 30 × 20 பெட்டியில் இட்டால் 4.8 கிலோவுக்குக் கூலி கொடுக்க நேரும். நன்கு மடித்து 30 × 25 × 10 உறையில் இட்டால் ஒன்றரைக் கிலோவுக்கு மட்டுமே கொடுத்தால் போதும்.

திரும்பி வரும் பார்சல்

பார்சல் திரும்பினால் போக ரூ.110, வர ரூ.110, உறை ரூ.20 ஆக ரூ.240 வீணாகும். தளக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைத்து, துண்டுகளும் பழுதின்றி வந்ததாகவே கொள்வோம். பத்துக் கட்டுகளில் ஒன்று திரும்பினால் மிகுதி ரூ.822, இரண்டு எனில் ரூ.464, மூன்று எனில் ரூ.106, நான்கு எனில் ரூ.252 நஷ்டம். ஆகவே நிறம், அளவு, எடை ஆகியவற்றை உள்ளது உள்ளபடி எழுதுவது நேர்மை மட்டுமன்று, சிக்கனமும் ஆகும்.

விலை குறிக்கும் முறை

அடக்க விலை, அனுப்புக் கூலி, உறை, நிலையான கட்டணம், வேண்டிய லாபம் ஆகியவற்றைக் கூட்டுக. கமிஷன் 10 சதவீதம் எனில், கூட்டுத் தொகையை 0.90ஆல் வகுக்க. மேற்கண்ட ஒற்றைத் துண்டுக்கு ரூ.20 லாபம் வேண்டுமாயின் கூட்டுத்தொகை ரூ.258, விலை ஏறத்தாழ ரூ.287. கூட்டுத்தொகையோடு 10 சதவீதம் சேர்ப்பது தவறு; கமிஷன் விற்பனை விலையின் மேல் பிடிக்கப்படுகிறது, அடக்கத்தின் மேல் அன்று. அவ்விலைக்கு ஒற்றைத் துண்டு விலைபோகாதெனில், அதைக் கட்டாக விற்க வேண்டும். அல்லது சங்கக் கடையிலேயே விற்க வேண்டும்.

‘இலவசமாக அனுப்பப்படும்’ என்பது வாங்குவோருக்குச் சொல்லும் சொல். சங்கத்தின் பேரேட்டில் அச்சொல்லுக்கு இடமில்லை. அக்கூலியை வாங்குபவர் கொடுக்காவிடில், விலை கொடுக்க வேண்டும். விலையும் கொடுக்காவிடில், நெசவாளியின் கூலியே கொடுக்க நேரும்.

பயிற்சி வினாக்கள்

1. விவசாயிகள் சங்கம் ஒன்றில் ஒரு கிலோ மஞ்சள் தூளின் அடக்க விலை ரூ.200, அனுப்புக் கூலி ரூ.80, உறை ரூ.10, நிலையான கட்டணம் ரூ.20, லாபம் ரூ.30, கமிஷன் 10 சதவீதம். விலை என்ன? (விடை: ஏறத்தாழ ரூ.378)

2. உங்கள் சங்கத்தில் கடந்த மாதம் திரும்பி வந்த பார்சல்கள் எத்தனை? அவற்றின் கூலி எந்தத் தலைப்பில் எழுதப்பட்டுள்ளது? அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கேட்டறிக.